குள்ளஞ்சாவடி தாண்டினால் வெளிக்காற்று

எங்கள் காரை ஓட்டுவது நான். ஸ்டியரிங், கியர், பிரேக், எதிரே வரும் லாரி, குறுக்கே வரும் மாடு எல்லாம் என் பாடு. காற்று மட்டும் என் கணவர் பாடு. டேஷ்போர்டின் நடுவில் மூன்று திருகுகளும் ஒரு சின்ன லீவரும் இருக்கும். காற்றின் வேகத்துக்கு ஒரு திருகு, நீலத்திலிருந்து சிவப்பு வரை குளிருக்கும் சூட்டுக்கும் ஒன்று, காற்று முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா என்பதற்கு ஒன்று. எங்கள் சண்டைகளில் பாதிக்குக் காரணம் அந்த லீவர். அதை ஒரு பக்கம் தள்ளினால் வெளிக்காற்று உள்ளே வரும். இன்னொரு பக்கம் தள்ளினால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். எந்தக் காரில் ஏறினாலும், என் தம்பி காராக இருந்தாலும் கல்யாணத்துக்கு எடுத்த வாடகைக் காராக இருந்தாலும், அவர் கை முதலில் அந்த லீவருக்குத்தான் போகும். வெளிக்காற்றை அடைத்துவிட்டுத்தான் சீட் பெல்ட்டைத் தேடுவார்.

அது நிலக்கரி மைன்ஸில் வந்த பழக்கம். மேல்மண்ணை வெட்டி எடுக்கும் பெரிய மெஷினில் அவர் ஆபரேட்டர். ஷிப்ட் மாறும்போது கேபினுக்குள் ஏறுகிறவன் முதலில் வெளிக்காற்று வரும் வழி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் இறங்குகிறவனிடம் நலம் விசாரிப்பது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. அவர்கள் செட்டில் அப்படி. காற்று திரும்பி அடித்தால் எதிரே இருக்கும் மண்மேடே கண்ணுக்குத் தெரியாது என்பார். நானும் இந்த மைன்ஸ் டவுன்ஷிப்பிலேயே வளர்ந்தவள்தான். அப்பா வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். சின்ன வயதிலிருந்தே கழுவிக் கவிழ்த்த தட்டை மறுபடி ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் சோறு போடுவேன். வருகிற தூசி வரட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வரவே விடக்கூடாது என்பது அவர் கட்சி. குவார்ட்டர்ஸில் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கார் வாங்கிய சில வருஷத்தில் உள்ளே கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. வடலூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். இன்ஜினில் சூடாகும் தண்ணீர் இரண்டு ஓஸ் பைப் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன டப்பாவுக்குப் போய்த் திரும்புமாம். அந்த டப்பாதான் ஹீட்டர். அது ஓட்டையாகிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். வேறு வழி, இரண்டு பைப்பையும் வெளியிலேயே ஒன்றாக இணைத்து ஹீட்டரை விட்டுவிடுவது. இந்த வெயிலில் ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேரும் சிரித்துப் பேசி இணைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, இனிமேல் ஏசி இன்னும் நன்றாகக் குளிரும் என்று பெருமை வேறு பேசினார். சிவப்புப் பக்கத்துக்குத் திருகைத் திருப்பினால் வெறும் காற்று வரும், அவ்வளவுதான். அதை நாங்கள் திருப்பியதே இல்லை. கடலூர் மாவட்டத்தில் அதைத் திருப்பியவர் யாராவது உண்டா என்றே எனக்குச் சந்தேகம்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் வாங்கியது, அப்புறம் சட்டை போட்டால் வாங்கியது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரல் தழும்பு கட்டிக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது, போன இடம் திரும்பாது, இருப்பது போகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார் டாக்டர். பீடி சிகரெட் உண்டா, புறா வளர்த்தீர்களா, என்ன வேலை என்று எல்லாம் கேட்டார். இதனால்தான் என்று எதையும் சொல்லவில்லை. சிலருக்குக் காரணம் தெரிவதே இல்லையாம். என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"எப்பவும் மூடியேதான் சார் வெச்சிருந்தன்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு யார் மேல் என்று தெரியாமல் அப்படி ஒரு கோபம் வந்தது. காசைத் தொலைத்தவன் கோபப்படலாம், தேடலாம். இவர் எதைத் தேடுவார்? ஒழுங்காகப் பல் விளக்கிய குழந்தை பல்வலியோடு நிற்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் மெடிக்கல் லீவில் வீட்டோடு இருந்தபோதுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். டவுன்ஷிப் ரோடு அகலம், ஆள் நடமாட்டம் குறைவு, என்னைப் போன்றவர்களுக்கென்றே போட்ட மாதிரி. ஐம்பது வயது தாண்டி எல் போர்டு மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்து எங்கள் பிளாக்கில் சிரிக்காதவர் இல்லை. சிரிக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது, பஸ்ஸில் அவரால் நிற்க முடியாது, சும்மா சும்மா யாரிடம் போய் நிற்பது? வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி, கடலூர், அப்புறம் புதுச்சேரி. அந்த ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே என்று என் காலுக்குத் தெரியும்.

முதல் மழைக்காலத்தில்தான் கண்ணாடிச் சண்டை வந்தது. எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு இரண்டு பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி உள்பக்கமாக வேர்த்துப் போகும். வைப்பர் வெளியே துடைக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. அவருக்கு மூச்சு வாங்க வாங்க கண்ணாடி இன்னும் சீக்கிரம் மூடியது. அவர் துண்டால் எட்டி எட்டித் துடைப்பார், துடைப்பதற்கே மூச்சு வாங்கும், மறுபடி மூடும். திருகில் வளைந்த அம்புகளோடு கண்ணாடிப் படம் ஒன்று போட்டிருக்கும். அந்தப் பக்கம் திருப்பி, ஏசியைப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிந்து வந்துவிடும் என்று நானே ஒரு நாள் கண்டுபிடித்தேன். ஏசியும் அம்பும் சரி, வெளிக்காற்று மட்டும் கூடாது என்றார் அவர். மழையில் ஏதுங்க தூசி என்றால், உனக்கு ஒன்றும் தெரியாது என்பார். ரோடு தெரியாமல் போய் லாரியில் மோதினால் அப்புறம் நுரையீரலை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். கடைசியில் அவரே ஒரு எல்லை வகுத்தார். குள்ளஞ்சாவடி தாண்டினால் வெளிக்காற்று. திரும்பி வரும்போது குள்ளஞ்சாவடி வந்ததும் மூடிவிட வேண்டும்.

அங்கே என்ன, தூசிக்கு செக்போஸ்ட் போட்டிருக்கிறார்களா என்று கேலி செய்வேன். அவர் சிரிக்கமாட்டார். கடைத்தெரு முக்கில் பழக்கடைகள் தெரிந்ததுமே கையைத் தயாராக வைத்துக்கொள்வார். தாண்டியதும் லீவரைத் தள்ளிவிட்டு, காற்று வரும் ஓட்டைக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய், என்னமோ மலைக்காற்று மாதிரி இழுப்பார். வயல் வாசனையும் டீசல் புகையும் கலந்து வரும். திரும்பும்போது அதே முக்கில் அதே கை அதை மூடும். அந்த எல்லைவரை வந்தது வேறு காற்று, அதற்கு அப்பால் இருப்பது வேறு காற்று என்று அவர் உண்மையாகவே நம்பினார். நான் அதைக் கெடுக்கவில்லை. நம்புவதற்கு அவரிடம் வேறு அதிகம் மிச்சமில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் உடம்பு பாதியாகிவிட்டது. எலும்பும் தோலுமாகிப் போனவருக்குக் குளிர் தாங்கவில்லை. ஐப்பசியிலேயே மங்கி குல்லா போட்டுக்கொண்டார். காரில் ஏசி போட்டால் பல் கிட்டிக்கொள்ளும். ஏசி போடாவிட்டால் கண்ணாடி மூடிக்கொள்ளும். எனக்கு ரோடு தெரிய வேண்டுமென்றால் அவர் நடுங்க வேண்டும். அவர் நடுங்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் குருடியாக ஓட்ட வேண்டும். ஜன்னலை இறக்கினால் சாரல் நேராக அவர் மேல். சின்ன கார், இரண்டு பேருக்கும் ஒரே காற்று. என்ன திருகினாலும் யாராவது ஒருவருக்குத்தான்.

ஒரு தரம் குறிஞ்சிப்பாடி தாண்டி அவருக்காக ஏசியை நிறுத்தினேன். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. ஒடித்துத் திருப்பி ஓரம் கட்டினேன். அவர் ஏசி பட்டனை அழுத்தினார். அழுத்திவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். கடலூர் வரும்போது உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஸ்டியரிங்கில் தலை வைத்து நான் அழுதேன். ஹீட்டர் இருந்தால் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

வீட்டில் சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாந்தான் வெட்டி வுட்டது. இப்ப டேஷ்போர்டக் கயட்டி, வண்டியக் கெடுத்து வெச்சிக்காத. எனுக்கு இன்னும் எத்தினி நாளு?"

கார்த்திகையில் மூச்சு மிகவும் மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சென்னையிலிருந்து மகள் வந்து கூட இருந்தாள். துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் காரோடு கிளம்பி வடலூரில் அதே மெக்கானிக்கிடம் விட்டேன். டேஷ்போர்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். உள்ளே வயர்களாகத் தொங்கியது. அந்தச் சின்ன டப்பாவைப் புதிதாகப் போட்டு, பைப்பை மறுபடி பழையபடி மாட்டினார்கள். ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகவே போடலாம், ஏசி ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் சூடாக்கிவிடும், கண்ணாடியும் தெளியும் என்று மெக்கானிக் காட்டிக்கொடுத்தார். திருகை முழுச் சிவப்புக்குத் திருப்பி, கண்ணாடிக்கும் காலுக்குமாக வைத்தார். சூடான காற்று என் பாதத்தில் பட்டது. அத்தனை வருஷத்தில் அந்தக் காரிலிருந்து அப்படி ஒரு காற்று வந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பவேண்டும். அந்த மாசத்தில் எனக்கு வந்த ஒரே சந்தோஷம் அது. அவரை வெதுவெதுப்பாக உட்காரவைத்து, ரோடும் தெரிய, ஒரு தரமாவது வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஒரு தரம்தான் கிடைத்தது. டாக்டர் என்னையும் மகளையும் தனியாகக் கூப்பிட்டு, இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று மகள் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். ஆம்புலன்ஸில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுவருவதை எங்கள் பிளாக் முழுக்க வேடிக்கை பார்க்கும். உட்கார்ந்தபடியே வரட்டும்.

வழிக்கென்று சிலிண்டர் கொடுத்தார்கள். அதை மகள் பின் சீட்டில் மடியோடு அணைத்துக்கொண்டாள். ட்யூப் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வந்து அவர் மூக்குக்குப் போனது. மழை காலையிலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பி, இன்ஜின் சூடாகும்வரை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்றுப் போனேன். பிறகு திருகைச் சிவப்புக்குத் திருப்பினேன். அவர் அதைப் பார்த்தார். சூடு காலில் ஏற ஏறக் குனிந்து பைப் போகும் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எப்ப மாத்தின?"

துணி எடுக்கப் போனபோது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். போர்வையை மெல்ல விலக்கி, கையை வெளியே எடுத்து, காற்று வரும் ஓட்டைக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். கடலூர் பாலத்தில் போக்குவரத்து நெரிசலில் வெகுநேரம் நின்றோம். வெளியே ஹாரன் சத்தம், மழை. உள்ளே கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எனக்கு முதுகெல்லாம் வேர்த்து சீட்டோடு ஒட்டியது. பின்னால் மகளும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குல்லா இல்லாமல் அவர் தலையைப் பகலில் பார்த்து நாளாகியிருந்தது. கடலூரைத் தாண்டியதும் கொஞ்சம் தூங்கினார்.

குள்ளஞ்சாவடி முக்கு வந்தது. மழையில் கடைகளுக்குப் பாலித்தீன் இறக்கிவிட்டிருந்தார்கள். அவர் விழித்துதான் இருந்தார், ஆனால் கை எழவில்லை. முடியவில்லை போல என்று நினைத்து நானே எட்டி லீவரை மூடப் போனேன். என் கையின் மேல் கையை வைத்தார்.

"இருக்கட்டும். தொறந்தே இருக்கட்டும்."

நான் விடவில்லை, மூடினேன். அவர் தன் விரலாலேயே அதை மறுபடி திறந்தார். ஒரு லீவரைத் தள்ளுவதற்கு அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. எத்தனை தடவை அந்த லீவருக்காக அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்! ஜெயித்தால் இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் காலம் முழுக்கத் தோற்றிருப்பேன். அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. குறிஞ்சிப்பாடி, வடலூர் எல்லாம் வெளிக்காற்றோடுதான் வந்தோம். டவுன்ஷிப் ஆர்ச் பக்கம் வரும்போது புகையும் ஈர மண்ணும் கலந்த எங்கள் ஊர் வாசனை ஹீட்டர் சூட்டோடு உள்ளே வந்தது. அவர் இருமினார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். மகள் சிலிண்டரைச் சீட்டில் சாய்த்து வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கட்டிலையும், வாடகைக்கு வரவழைத்திருந்த ஆக்ஸிஜன் மெஷினையும் தயார் செய்துவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்து கைத்தாங்கலாக இறக்குவதற்கு நின்றார். என் கணவர் அசையவில்லை. கை காற்றுக்கு முன்னால் விரித்தபடியே இருந்தது.

"வண்டிய அணைக்காத. கொஞ்ச நேரம் இப்பிடியே குந்திகினு இருக்கன்."

உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் தோள் நடுங்காமல் இருந்தது. விரல் நுனியில்கூடக் கொஞ்சம் ரத்த ஓட்டம் வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஆசைதான், வேறென்ன. மகள் பின் சீட்டில் குனிந்து சிலிண்டர் மீட்டரைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டாள்.

"முள்ளு ரொம்பக் கீழ வந்துடுச்சும்மா."

பாலத்தில் நின்ற நேரம் ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டிருந்தது. இறங்கலாமா என்று அவரிடம் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றார். கெஞ்சுகிற குரல். வாழ்க்கையில் என்னிடம் அவர் கெஞ்சியதில்லை. அந்த நோய் வந்த பிறகு அது வேண்டும் இது வேண்டும் என்று ஒன்றுமே கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது இந்தச் சூட்டைத்தான். மூச்சு வீட்டுக்குள் இருந்தது, சூடு காருக்குள் இருந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நானும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடியில் போய்த் தொட்டதும் சாவியைத் திருப்பினேன்.

இன்ஜின் நின்றது. காற்றும் நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. விரல்களை விரித்தபடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அவர் மடியில் வைத்தேன்.